கடல் கடந்து வந்த மணிமுடி

எமது வீடுகளில் பிள்ளைகளின் அறைச் சுவர்களை அலங்கரிக்கும் படங்களுள் யானிஸ் அடெட்டோகூன்போவின் படமும் இருக்கக்கூடும். அவர் எந்தப் போட்டியில் எத்தனை புள்ளிகள் எடுத்தார், அவரது உயரம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் படத்தை நாள்தோறும் கடந்து வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்கோ அவர் யாரென்பது தெரியாது. ஆனால் அவரது இளமைக் காலம் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்கே நன்கு விளங்கக்கூடியது. அது வதிவிட அனுமதி இல்லாத ஒரு குடும்பத்தின் கதை. வாசற்கதவு தட்டப்படும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிட வாழ்ந்தவர்களின் கதை. அதனாலேயே ஒரு கூடைப்பந்தாட்ட வீரரைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்பினோம்.

விட்டு வந்த பிள்ளை

யானிஸின் பெற்றோரான சார்ள்ஸ், வெரோனிக்கா இருவரும் நைஜீரியாவைச் சேர்ந்தவர்கள். தந்தை யொரூபா இனத்தவர். தாய் இக்போ இனத்தவர். தந்தை உதைபந்தாட்ட வீரராக இருந்தவர். தாய் உயரம் பாய்தலில் ஈடுபட்டவர். 1991 ஆம் ஆண்டில் இருவரும் நல்வாழ்வு தேடிக் கிறீஸ் நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். பிரான்சிஸ் என்ற தமது மூத்த மகனை நைஜீரியாவில் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டே வந்தனர். அவர்கள் எம்மைப் போலப் போரினால் விரட்டப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் ஒரு குழந்தையை ஊரில் விட்டுவிட்டு அந்நிய நாட்டில் கால் வைப்பது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஏதென்ஸ் நகரின் செப்போலியா என்ற பகுதியில் அவர்கள் குடியிருந்தனர். குடியேறிய தொழிலாளர் பலர் நெருக்கமாக வாழும் பகுதி அது. அங்கே தனாசிஸ், யானிஸ், கொஸ்ராஸ், அலெக்ஸ் என நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். யானிஸ் பிறந்தது 1994 டிசம்பர் 6 ஆம் நாள்.

கிறீஸ் மண்ணில் பிறந்து, கிரேக்க மொழி பேசி, கிரேக்கப் பாடசாலையில் படித்த போதிலும் அவர் கிரேக்கக் குடிமகன் அல்லர். அந்நாட்டின் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை. பெற்றோரின் இரத்தத்தையே பார்த்தது. மறுபுறம், தாம் ஒருநாளும் கண்டிராத நைஜீரியாவின் பத்திரம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. பதினெட்டு வயது வரை எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாதவராகவே அவர் வாழ்ந்தார்.

“நாடற்றவர்” என்ற சொல் எமக்குப் புதிதன்று. 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம், பல இலட்சம் மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடற்றோராக்கியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களிடம் “உன் நாடு எது?” என்று கேட்ட அந்தக் கேள்வியைத்தான் கிறீஸ் தேசமும் தன் மண்ணிலேயே பிறந்த ஒரு குழந்தையிடம் கேட்டது.

ஒரு பெயரின் பயணம்

இங்கே அவரது பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தந்தையின் குடும்பப் பெயர் அடெட்டோகுன்போ. கடல் கடந்த தேசத்திலிருந்து திரும்பி வந்த மணிமுடி என்பது யொரூபா மொழியில் அதன் பொருள். கிரேக்க எழுத்துகளில் “ட”, “ப” ஆகியவற்றின் மெல்லோசையைக் காட்டத் தனி எழுத்தில்லை. இரண்டிரண்டு எழுத்துகளைச் சேர்த்தே எழுதவேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட பெயர் கடவுச்சீட்டுக்காக மீண்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றப்பட்டபோது, மூலப் பெயரில் இல்லாத எழுத்துகள் எல்லாம் உள்ளே புகுந்துகொண்டன. இன்று உலகம் அவரது பெயரை எழுதும் முறை ஓர் அலுவலகத்தின் எழுத்துமாற்றத்தால் விளைந்தது.

குடிவரவு அலுவலகங்களில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகி, ஊர்ப் பெயர் உருத்தெரியாமல் போய், வகுப்பில் ஆசிரியர் வாசிக்கத் தயங்கும் பெயரைச் சுமந்து திரியும் எமது பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க இரசிகர்கள் உச்சரிக்கத் தடுமாறிய அந்த நீண்ட பெயரை அவர் சுருக்கவில்லை, மாற்றவுமில்லை. உலகமே அதைச் சொல்லக் கற்றுக்கொண்டது.

தெருவோர வியாபாரம்

பெற்றோருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. கிடைத்த கூலி வேலைகளைச் செய்தனர். அது போதாதபோது கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, கைப்பை முதலியவற்றைத் தெருவில் விற்றனர். பிள்ளைகளும் கூடச் சென்றனர். சிறுவனாகிய யானிஸ் வியாபாரத்தில் கெட்டிக்காரர் என்பர். விற்றால் அன்றிரவு உணவு, விற்காவிட்டால் இல்லை. வாடகை கொடுக்க இயலாமல் வீடு மாறவேண்டி வந்த நாட்களும் உண்டு.

பசியைவிடப் பெரிய துன்பம் பயம். காவல்துறையினர் தாயையோ தந்தையையோ தெருவில் மறித்துப் பத்திரம் கேட்டால் குடும்பம் சிதறிவிடும். வேலைக்குப் போன பெற்றோர் மாலையில் திரும்பி வருவார்களா என்று நாள்தோறும் அஞ்சியதாக யானிஸ் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

கிறீஸ் நாட்டின் நிலையும் அப்போது மோசமடைந்து வந்தது. 2009 இன் இறுதியில் வெளிப்பட்ட கடன் நெருக்கடியால் வேலையின்மை பெருகியது. அதனுடன் வெளிநாட்டவர் மீதான வெறுப்பும் பெருகியது. “பொன் விடியல்” என்ற பெயரைக் கொண்ட நிறவெறிக் கட்சி 2012 ஜூன் தேர்தலில் 18 ஆசனங்களைப் பெற்றுப் பாராளுமன்றத்தில் நுழைந்தது. கறுத்த தோலுடைய ஓர் இளைஞன் இரவில் ஏதென்ஸ் வீதிகளில் நடப்பது ஆபத்தாக இருந்த காலம் அது.

கண்டெடுத்த பயிற்றுநர்

2007 ஆம் ஆண்டளவில் ஸ்பைரோஸ் வெலினியாற்றிஸ் என்ற பயிற்றுநர் செப்போலியாவில் விளையாடிக்கொண்டிருந்த சகோதரர்களைக் கண்டார். யானிஸுக்கு அப்போது பன்னிரண்டு வயது கடந்திருந்தது. கூடைப்பந்தை அவர் ஒழுங்காகத் தொட்டதில்லை. தந்தையைப் போல் உதைபந்தாட்ட வீரராகவே விரும்பினார். ஆனால் அந்தச் சிறுவனின் ஓட்டத்திலும் நீண்ட கைகளிலும் பயிற்றுநர் எதையோ கண்டுவிட்டார்.

அவர் செய்த அடுத்த காரியமே முக்கியமானது. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று மட்டும் அவர் பெற்றோரிடம் சொல்லவில்லை. தெருவில் பொருள் விற்காமல் மைதானத்தில் நிற்கும் பிள்ளையால் வீட்டில் ஒரு நேர உணவு குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பெற்றோருக்கு வேலை தேடித் தருவதாகச் சொல்லியே அவர் பிள்ளைகளைக் கேட்டார்.

ஏதென்ஸின் சோகிராபு பகுதியிலுள்ள பிலாத்லிற்றிக்கோஸ் என்ற சிறிய கழகத்தில் சகோதரர்கள் சேர்ந்தனர். வீட்டிலிருந்து நகரத்தைக் கடந்து அங்கே செல்லவேண்டும். பேருந்துக்குப் பணமில்லாதபோது நடந்தனர். தனாசிஸும் யானிஸும் ஒரே சோடிச் சப்பாத்தை மாறி மாறி அணிந்து விளையாடினர். ஒருவர் ஆடி முடித்துக் கழற்றிக் கொடுக்க மற்றவர் அணிந்துகொள்வார். இரவு வெகுநேரமானால் விளையாட்டரங்கிலேயே படுத்துறங்கிய நாட்களும் உண்டு. அருகிலிருந்த சிற்றுண்டிச்சாலைக்காரர் ஒருவர் பசித்து வந்த சகோதரர்களுக்கு உணவளித்தார். பத்திரம் கேட்காதவர்கள் சிலர் அந்த நகரத்தில் இருந்தார்கள் என்பதையும் நாம் பதிவு செய்யவேண்டும்.

கழகத்தின் பயிற்றுநர் தாக்கிஸ் சீவாஸ், உயரமான இந்த இளைஞரைக் கூடைக்கடியில் நிறுத்தி வைக்காமல் பந்தைத் தட்டிச் செல்லவும் பகிர்ந்தளிக்கவும் பழக்கினார். வழக்கமாக உயரம் குறைந்தவர்களுக்கே தரப்படும் பொறுப்பு அது. உயர்ந்த உடலும் குள்ள வீரரின் கைத்திறனும் ஒருங்கே சேர்ந்தமை பின்னாளில் அவரது தனிச்சிறப்பாயிற்று.

பத்திரம் வந்த வேகம்

2011-12 பருவகாலத்தில் யானிஸ் கிறீஸ் நாட்டின் மூன்றாம் பிரிவிலும், அடுத்த பருவகாலத்தில் இரண்டாம் பிரிவிலும் ஆடினார். பெரிய கழகங்கள் எட்டிப்பாராத ஆட்டங்கள் அவை. ஆயினும் செய்தி பரவியது. 2012 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டின் சரகோசா கழகம் அவருடன் நான்காண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் பின்னர் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணிகளின் பிரதிநிதிகள், சோகிராபுவின் சின்னஞ்சிறு அரங்கின் வாங்குகளில் வந்து அமர்ந்தனர்.

ஆனால் ஒரு சிக்கல். ஒப்பந்தம் கையிலிருந்தும் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு இல்லை.

அவ்வேளையில் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். குடிவரவாளரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழிசெய்யும் சட்டமொன்று 2010 இல் இயற்றப்பட்டிருந்தது. 2013 பெப்ரவரியில் கிறீஸின் உயர் நிர்வாக நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு மூடப்பட்ட கதவு, மூன்று மாதங்களில் ஒருவருக்குத் திறந்தது. 2013 மே 9 ஆம் நாள் யானிஸ் கிரேக்கக் குடியுரிமை பெற்றார். பதினெட்டு ஆண்டுகள் கிடைக்காத பத்திரம், உலகம் அவரைத் தேடி வந்தபோது கிடைத்தது.

2013 ஜூன் 27 ஆம் நாள் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் நடைபெற்ற புதிய வீரர் தெரிவில் மில்வோக்கி பக்ஸ் அணி 15 ஆவது இடத்தில் அவரைத் தெரிவு செய்தது. பார்வையாளர் வரிசையில் நின்ற அண்ணன் தனாசிஸ் கிரேக்கக் கொடியை விரித்து அசைத்தார். பெற்றோர் அங்கே இல்லை. கிறீஸிலோ “பொன் விடியல்” கட்சியின் தலைவர் அதே ஆண்டில் யானிஸை மிருகக்காட்சிச்சாலை விலங்குடன் ஒப்பிட்டு இழித்துரைத்தார். அக்கட்சியை ஒரு குற்றக் கும்பல் என 2020 ஒக்ரோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மில்வோக்கியின் பனியில்

மில்வோக்கி, மிச்சிக்கன் ஏரிக்கரையில் அமைந்த கடும் பனி நகரம். பதினெட்டு வயதில் தனியாக அங்கே வந்திறங்கிய யானிஸுக்குக் கையில் முதன்முதலாகப் பணம் வந்தது. ஒருநாள் போட்டிக்குச் செல்லும் வழியில் பணம் அனுப்பும் நிலையத்தில் இறங்கி, கையிலிருந்த முழுவதையும் ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டார். வெளியே வந்த பின்னரே வாடகைக் காருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை என்பது தெரிந்தது. மெல்லிய மேலங்கியுடன் அரங்கை நோக்கிப் பனிக்குளிரில் ஓடத் தொடங்கினார். வழியில் கண்ட ஒரு தம்பதியினர் அவரை அடையாளம் கண்டு காரில் ஏற்றிச் சென்றனர்.

அமெரிக்கர்கள் இதனை வேடிக்கைச் சம்பவமாகச் சொல்வார்கள். எமது வாசகர்கள் அவ்வாறு பார்க்கமாட்டார்கள். சம்பள நாளில் வாடகைக்கும் உணவுக்கும் முன்னதாக ஊருக்கு அனுப்பும் தொகையை ஒதுக்கிவைத்துப் பழகியவர்கள் நாங்கள்.

பெற்றோருக்கும் தம்பிமாருக்கும் அமெரிக்க விசா உடனே கிடைக்கவில்லை. குடும்பமின்றித் தன்னால் அங்கே இருக்க இயலாது என யானிஸ் கழகத்திடம் தெரிவித்தார். கழகத்தின் முயற்சியால் 2014 இன் தொடக்கத்தில் அவர்கள் வந்து சேர்ந்தனர்.

முதலாம் ஆண்டு அணி 82 ஆட்டங்களில் 15 இல் மட்டுமே வென்றது. 67 இல் தோற்றது. யானிஸ் ஆட்டமொன்றுக்குச் சராசரி 6.8 புள்ளிகளே பெற்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 12.7, 16.9, 22.9, 26.9 என ஏறியது. இடையில் பாய்ச்சல் எதுவுமில்லை. ஆண்டுதோறும் ஒரு படி. 2017 இல் அதிக முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதும், 2019 இலும் 2020 இலும் அதிசிறந்த வீரருக்கான விருதும் அவருக்குக் கிடைத்தன.

இரண்டு விருதுகளுக்கும் முன்னரே, 2017 செப்டெம்பரில், தந்தை சார்ள்ஸ் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 54. 2019 இல் விருது மேடையில் தந்தையின் பெயரைச் சொல்லும்போது யானிஸ் கண்ணீர்விட்டு அழுததை உலகம் பார்த்தது.

2021 ஜூன் இறுதியில் அரையிறுதித் தொடரின்போது அவரது முழங்கால் பின்புறமாக மடங்கியது. இனி அவ்வாண்டு ஆடமாட்டார் என்றே பலரும் எண்ணினர். இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டு இறுதித் தொடருக்குத் திரும்பினார். ஜூலை 20 ஆம் நாள் பீனிக்ஸ் அணிக்கெதிரான ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். தனி எறிதல்களில் தடுமாறுபவர் என்று எதிரணி இரசிகர்கள் அவரைப் பரிகசித்து வந்தனர். அன்று 19 தனி எறிதல்களில் 17 கூடைக்குள் விழுந்தன. 1971 இன் பின்னர் ஐம்பது ஆண்டுகள் கழித்து மில்வோக்கி வெற்றிக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. தனாசிஸும் அதே அணியில் இருந்தார். தம்பி கொஸ்ராஸ் முந்திய ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியுடன் அதே கிண்ணத்தை வென்றிருந்தார். ஒரே சப்பாத்தைப் பகிர்ந்த வீட்டில் மூன்று வெற்றி வீரர்கள்.

தாய்க்குக் கிடைத்த பத்திரம்

அந்த வெற்றிக்கு இரு மாதங்களின் பின்னர், 2021 செப்டெம்பரில், ஏதென்ஸில் பிரதமரின் அலுவலகத்தில் ஒரு வைபவம் நடைபெற்றது. தாய் வெரோனிக்காவுக்கும் கடைசி மகன் அலெக்ஸுக்கும் கிரேக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. வெரோனிக்கா அந்த மண்ணில் கால் வைத்து அப்போது முப்பது ஆண்டுகள். அலெக்ஸ் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். சார்ள்ஸ் அந்த நாளைக் காண இருக்கவில்லை.

2024 ஜூலை 26 ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மரபுப்படி முதலாவதாக வந்த கிறீஸ் அணியின் கொடியை யானிஸ் ஏந்தி வந்தார். மறு ஆண்டு ஐரோப்பியச் சுற்றுப்போட்டியில் அந்நாட்டுக்கு வெண்கலப் பதக்கம் பெற்றுக் கொடுத்தார். தன்னை ஏற்க மறுத்த நாட்டை அவர் மறுக்கவில்லை. அது அவரது பெருந்தன்மை. நாட்டின் பெருந்தன்மை என்று அதனை எழுத எமக்கு மனம் வரவில்லை.

பந்து இல்லாத பிள்ளைகள்

இக்கதையைச் சொல்லி, “ஆகவே நீங்களும் உழையுங்கள், உயருங்கள்” என்று முடிப்பது எளிது. அது முழு உண்மையன்று. என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. ஓர் அணிக்கு 15 நிரந்தர இடங்கள். உலகம் முழுவதற்கும் 450 இடங்களே. ஏழடியை எட்டும் உயரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. செப்போலியாவில் யானிஸுடன் விளையாடிய, அவரைப் போலவே பத்திரமற்றிருந்த பிள்ளைகளுக்காக எந்தப் பிரதமரும் வைபவம் நடத்தவில்லை. அவர்களும் அதே மண்ணில் பிறந்தவர்கள்; அதே மொழியைப் பேசியவர்கள்.

2015 இல் கிறீஸ் புதிய சட்டமொன்றை இயற்றி, அந்நாட்டில் பிறந்து பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கு நிபந்தனைகளுடன் குடியுரிமைக்கு வழி திறந்தது. அது நல்ல காரியம். குழந்தையின் தகுதியை அளக்கும் கோலாகப் பந்து இருக்கக்கூடாது, பாடசாலை வரவே போதும் என்ற எண்ணத்தை நோக்கி எடுத்து வைத்த ஓர் அடி அது.

எமது மக்கள் வாழும் நாடுகளில் சட்டங்கள் வேறு வேறு. கனடாவில் பிறந்த குழந்தை பிறந்த அன்றே குடிமகன். சுவிற்சர்லாந்தில் பிறந்த எமது குழந்தை விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்த நாட்டிலேயே பள்ளிக்குப் போகிறது, பிறகென்ன என்று பத்திர விடயங்களைப் பின்போடும் பெற்றோர் இருக்கிறார்கள். பதினெட்டு வயதில் வாய்ப்பு வாசலில் வந்து நிற்கும்போது கடவுச்சீட்டைத் தேடுவது எத்தகையதென்பதை இக்கதை காட்டுகிறது. விண்ணப்பிக்கக்கூடியவர்கள் காலம் தாழ்த்தாது விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. மாலை வேளைகளில் எமது பிள்ளைகளை மைதானங்களுக்கு ஏற்றி இறக்கும் அண்ணன்மாரும், எமது விளையாட்டுக் கழகங்களில் சம்பளமின்றி நேரம் செலவிடும் பெரியோரும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வெலினியாற்றிஸ் என்ற அந்தப் பயிற்றுநர் பிள்ளையின் ஓட்டத்தைக் கண்டதோடு நில்லாமல், அந்த வீட்டின் அடுப்பைப் பற்றியும் யோசித்தார். பயிற்சிக்கு ஒழுங்காக வராத பிள்ளையைப் பட்டியலிலிருந்து வெட்டுவதற்கு முன்னர், அதன் தாய் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருகிறார், பேருந்துக்குப் பணம் இருக்கிறதா என்று ஒருமுறை விசாரிப்பது பெரிய காரியமன்று. அந்தப் பிள்ளை பெரிய வீரராக வராமற் போகலாம். விசாரித்த ஒருவர் இருந்தார் என்ற நினைவு அதனிடம் எஞ்சும்.